துவாதசிக் காலையில் ஏறக்கூடாத தராசு: கொழுப்பு சதவீதம் காட்டும் எடை மெஷின்கள் எப்படி?

கண்ணாடித் தட்டு, நான்கு மூலையிலும் உலோகப் பட்டை, புளூடூத்தில் போனோடு பேசும் எடை மெஷின். ஏறி நின்றால் எடையோடு சேர்த்துக் கொழுப்பு சதவீதம், தசை, எலும்பு, உடலின் நீர், உள்ளுறுப்புக் கொழுப்பு, 'உடல் வயது' என்று பத்துப் பன்னிரண்டு எண்களை அடுக்கிவிடும். ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிய விலை. டயட் இருப்பவர்களுக்காக வந்த பொருள்தான். ஆனால் இப்போது மாதம் இரண்டு ஏகாதசி இருக்கிற வீட்டிலும் ஸ்வாமி அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. இந்த மதிப்புரை அந்த வீட்டுக்காரர்களுக்கு. விரதம் இருப்பவர்கள் இதை வாங்கலாமா, வாங்கினால் எந்த எண்ணை நம்பலாம், எந்த நாளில் ஏறலாம் என்பதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். எடையை நன்றாகவே காட்டுகிறது. மீதி எல்லாம் ஊகம். அந்த ஊகம் தலைகீழாகப் போகிற நாள் ஒன்று உண்டு, அது விரதத்துக்கு மறுநாள் காலை. எல்லோரும் ஆசையாக ஏறிப் பார்ப்பதும் அன்றைக்குத்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டால் விஷயம் புரியும். ஏகாதசி காலை எடை 68.2 கிலோ, கொழுப்பு 31.2 சதவீதம் என்று மெஷின் காட்டுகிறது. பகல் முழுக்கத் தண்ணீரும் கொஞ்சம் மோரும் மட்டும். துவாதசி காலை, விரதம் முடிக்கும் பாரணைச் சாப்பாட்டுக்கு முன் ஏறினால் 67.0 கிலோ. ஆஹா, 1.2 கிலோ இறங்கிவிட்டது. கொழுப்பு சதவீதம் மட்டும் 32.4 என்று வருகிறது. இப்போது பெருக்கிப் பாருங்கள். முதல் நாள் கொழுப்பு 21.3 கிலோ, மறுநாள் 21.7 கிலோ. அதாவது ஒரு நாள் பட்டினி கிடந்து 400 கிராம் கொழுப்பு ஏறியிருக்கிறது, ஒன்றரை கிலோவுக்கு மேல் தசை கரைந்திருக்கிறது என்று இந்த மெஷின் சொல்கிறது. இரண்டுமே நடக்கவில்லை.

நடந்தது வேறு. நாளுக்கு 1,700 கலோரி செலவழிக்கும் உடம்பு அன்றைய செலவு முழுவதையும் கொழுப்பிலிருந்தே எடுத்தாலும், ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற வழக்கமான கணக்கில் 220 கிராம்தான் குறையும். உண்மையில் அதைவிடக் குறைவு. காரணம், உடம்பு முதலில் கை வைப்பது கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பில். கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம், தசைகளில் 400 கிராம் அளவில் இது இருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கட்டிவைத்திருக்கும். ஒரு நாள் பட்டினியில் கல்லீரல் இருப்பு பெரும்பாலும் காலியாகி, அந்தத் தண்ணீரும் வெளியேறிவிடும். கூடவே இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பை அதிகமாக வெளியே தள்ளும், உப்போடு தண்ணீரும் போகும். குடலில் வழக்கமாக இருக்கும் உணவுச் சுமையும் குறைந்திருக்கும். 1.2 கிலோவில் ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட இந்தச் சில்லறைகள்தான். அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய் வறுவலோடு பாரணைச் சாப்பாடு முடிந்து இரண்டு நாள் போனால் எல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். யாரும் 'ஏறிவிட்டது' என்று கலங்க வேண்டியதில்லை, முதலில் இறங்கவே இல்லை.

கொழுப்பு சதவீதம் ஏன் எதிர்த்திசையில் போகிறது? அதற்கு மெஷினின் உள்ளே பார்க்க வேண்டும்.

எடை பார்க்கும் பகுதி எளிமையானது. நான்கு காலிலும் ஒரு சின்ன உலோகத் தகடு, பாரம் விழுந்தால் மயிரிழை வளையும். அந்த வளைவு மின்தடையை மாற்றும், அந்த மாற்றத்தை எடையாக்கிக் காட்டுகிறார்கள். கொழுப்பு பார்க்கும் பகுதி வேறு. ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு மிக மெல்லிய மாறுமின்னோட்டம் போகிறது. பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ், ஒரு மில்லியாம்பியருக்கும் கீழே, உணரவே முடியாது. தண்ணீரும் உப்பும் நிறைந்த தசை மின்சாரத்தை விடும், கொழுப்பு தடுக்கும். தடை எத்தனை ஓம் என்று அளந்து, நீங்கள் செயலியில் கொடுத்த உயரம், வயது, ஆணா பெண்ணா என்ற விவரம், எடை ஆகியவற்றோடு ஒரு சூத்திரத்தில் போட்டுக் கொழுப்பைக் கணக்கிடுகிறது. ஆக, மெஷின் நேரடியாக அளப்பது இரண்டே: எடை, மின்தடை. உடம்பில் தண்ணீர் குறைந்தால் தடை கூடும். தடை கூடினால் சூத்திரத்துக்குக் கொழுப்பு கூடியதாகத்தான் தெரியும். விரதத்தில் தாகம் என்பது அதற்குத் தெரியாது.

இன்னொன்று. மின்சாரம் ஒரு காலில் ஏறி அடிவயிற்றோடு திரும்பி மறு காலில் இறங்கிவிடுகிறது. தொப்பை இருக்கும் நடு உடம்பை அது ஏறக்குறையத் தொடுவதே இல்லை. ஆனாலும் 'உள்ளுறுப்புக் கொழுப்பு 9' என்று ஓர் எண் வரும். காலை அளந்து வயிற்றைச் சொல்லும் ஜோசியம் இது. கையில் பிடிக்கும் கைப்பிடியும் சேர்ந்த, எட்டு மின்முனை உள்ள மாதிரிகள் இதில் கொஞ்சம் தேவலாம். ஜிம்மில் அச்சடித்துத் தரும் பெரிய மெஷின்களும் அந்த வகைதான். விலை பல மடங்கு. தண்ணீர்ப் பிரச்சினை அவற்றுக்கும் உண்டு.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. செயலியில் 'தடகள வீரர்' என்ற நிலையைத் தட்டிவிட்டு மறுபடி ஏறுங்கள். உடம்பு அதேதான், தடை அதேதான், கொழுப்பு மட்டும் பல புள்ளிகள் இறங்கும். உயரத்தை ஐந்து சென்டிமீட்டர் கூட்டிப் போட்டாலும் எண் மாறும். பலரும் பள்ளிக்கூடக் காலத்து உயரத்தையே போடுகிறார்கள். ஐம்பது தாண்டியவர்கள் ஒருமுறை சுவரோடு நின்று அளந்துகொள்வது நல்லது.

சரி, எடையையாவது ஒழுங்காக வாங்குவது எப்படி? இங்கேதான் வீட்டுக்கு வீடு தப்பு நடக்கிறது, அதிலும் பாதித் தப்பு தரையில்.

மெஷின் கெட்டியான சமதளத்தில் இருக்க வேண்டும். கால்மிதி, தென்னைநார் விரிப்பு, பாய், ரப்பர் ஷீட் எதுவும் கூடாது. டைல்ஸ் தரையில் ஒரு கால் இரண்டு டைலுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் விழுந்தால் சில நூறு கிராம் மாறும். ஆத்தங்குடிக் கல் பதித்த பழைய வீடுகளில் தரை லேசாக அலையடித்திருக்கும். அங்கே ஒரு மூலையை மெதுவாக அழுத்திப் பாருங்கள், மெஷின் ஆடினால் இடம் மாற்றுங்கள். இடம் கிடைத்ததும் தரையில் சாக்பீஸால் நான்கு மூலைக்கும் குறி போடுங்கள், இனி அங்கேதான். சுவரில் சாய்த்துவைத்து எடுக்கும் பழக்கம் இருந்தால், ஒவ்வொரு முறையும் தரையில் வைத்தபின் காலால் ஒருமுறை தட்டி, 0.0 வந்து அணையும்வரை காத்திருந்து, பிறகு ஏறுங்கள். நகர்த்திய மெஷினுக்குச் சுழியம் மறந்துபோயிருக்கும். முதல் முறை ஏறும்போது வரும் எண்ணை எழுதிக்கொள்ளவே வேண்டாம்.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனைகள் இரண்டு. முதலாவது மூலைச் சோதனை. பிரிக்காத 10 கிலோ அரிசிப் பையை நடுவில் வையுங்கள், பிறகு நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வையுங்கள். ஐந்து எண்ணும் 100 கிராமுக்குள் ஒத்துப்போனால் நல்ல மெஷின். ஒரு மூலை மட்டும் அடம்பிடித்தால் அந்தக் காலின் ரப்பர் குமிழ் கழன்றிருக்கும், இல்லையென்றால் உள்ளே தகடு கோணியிருக்கும். திருப்பி அனுப்புங்கள்.

இரண்டாவதுதான் முக்கியம், பலருக்கும் தெரியாது. இந்த வகை மெஷின்களில் பல, ஒரே ஆள் திரும்பத் திரும்ப ஏறினால் பழைய எண்ணையே காட்டும்படி செய்யப்பட்டிருக்கின்றன. மூன்று முறை ஏறினால் மூன்று முறையும் 68.2 வரும், 'அடேயப்பா, என்ன துல்லியம்' என்று வாங்கியவர் மகிழ்வார். சோதிக்க: ஏறி எண்ணைப் பாருங்கள். இறங்கி, அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி ஏறுங்கள். அரை கிலோ கூடினால் நேர்மையான மெஷின். அதே எண் வந்தால் ஞாபகத்திலிருந்து படிக்கிறது. அப்படிப்பட்ட மெஷினை வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன் ஐந்து கிலோ பாரத்தோடு ஒருமுறை ஏறி இறங்கி அதன் ஞாபகத்தைக் கலைக்க வேண்டும். '50 கிராம் வரை காட்டும்' என்ற விளம்பரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நுணுக்கமாகக் காட்டுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு.

கொழுப்பு சதவீதமும் வேண்டும் என்பவர்கள் பாதத்தைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்த சனிக்கிழமை உள்ளங்காலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தொடர்பு சரியாகக் கிடைக்காது. மாலை போட்டு ஒரு மண்டலம் செருப்பில்லாமல் நடந்தவரின் குதிகால் தோல் தடித்து, பித்தவெடிப்பும் சேர்ந்திருக்கும். அந்தத் தோலே தனித் தடை. மெஷின் எடையைக் காட்டிவிட்டுக் கொழுப்புக்குக் கோடு கோடாகப் போடும், அல்லது தாறுமாறான எண்ணைத் தரும். ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்துவிட்டு, சொட்டும் ஈரம் இல்லாமல் ஏறுவது நல்லது. கண்ணாடித் தட்டு வழுக்கும், குளியலறை வாசலில் வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை. இரண்டு தொடையும் ஒட்டியிருந்தால் மின்சாரம் குறுக்குவழியில் தாவிவிடும், நடுவே காய்ந்த துணி ஒன்று இருந்தால் போதும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் கொழுப்பு அளக்கும் நிலையில் ஏறவே வேண்டாம், எடை மட்டும் பார்க்கும் நிலை பெரும்பாலான மெஷின்களில் உண்டு.

இனி எந்த நாளில் ஏறுவது. ஒரே விதி: விரதம் தொடங்கும் காலையில் ஏறுங்கள், முடியும் காலையில் வேண்டாம். எழுந்து, கழிப்பறை போய்வந்து, காப்பிக்கு முன்.

ஏகாதசி இருப்பவர்கள் ஏகாதசி காலையிலேயே பார்த்துக்கொள்ளலாம். தசமி இரவையும் விடுகிற கட்டுப்பாடான வீடுகளில் ஒரு நாள் முன்னே போய், தசமி காலை. ஏகாதசியை ஏகாதசியோடுதான் ஒப்பிட வேண்டும், நடுவில் வரும் எண்கள் வேண்டாம். மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு இன்னும் ஒரு நுட்பம். சுழற்சியின் சில நாட்களில் உடம்பில் நீர் கோத்து ஒன்றிரண்டு கிலோ வரை கூடக் காட்டும். பதினைந்து நாள் இடைவெளியில் வரும் இரண்டு ஏகாதசிகளும் சுழற்சியின் வேறு வேறு முனைகளில் விழும். ஆகவே வளர்பிறை ஏகாதசியை அடுத்த வளர்பிறை ஏகாதசியோடு ஒப்பிடுங்கள். சந்திர மாதத்தின் இருபத்தொன்பதரை நாள் பலருடைய சுழற்சிக்கும் ஏறக்குறைய ஒத்துப்போகும். பஞ்சாங்கம் இந்த வேலையைச் செயலியைவிட நன்றாகச் செய்கிறது.

'ஏகாதசி இருந்தும் எடை இறங்கவில்லை, மெஷின் கோளாறு' என்ற புகார்களில் மெஷின்மேல் குற்றமில்லாதவை நிறைய. அரிசி கூடாது என்ற விதியைக் காப்பாற்றி, நெய் மிதக்கும் கோதுமை ரவை உப்புமா, ஜவ்வரிசி வடை, வாழைக்காய் வறுவல் என்று இரவுப் பலகாரம் நடந்தால் எடை எப்படி இறங்கும்? ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து, 100 கிராமுக்கு 350 கலோரி அளவில் தரும், புரதம் பேருக்குக்கூட இல்லை. பழ ஆகாரம் என்று பொருள்பட்ட பலாகாரம்தான் பலகாரமாகி, கடைசியில் பஜ்ஜி சொஜ்ஜிக்குப் பேர் ஆனது. சொல்லின் கதையே வயிற்றின் கதையைச் சொல்லிவிடுகிறது.

கந்த சஷ்டிக்காரர்களுக்கு வேறு சிக்கல். ஆறு நாள் விரதம் தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் பிரதமையில் தொடங்குகிறது. முதல் நாள் எடையே முறுக்கு, மிக்சர் உப்பாலும் லட்டு சர்க்கரையாலும் உப்பிப்போன எடை. பாலும் பழமுமாக ஆறு நாள் இருந்து சூரசம்ஹாரத்தன்று ஏறினால் இரண்டு மூன்று கிலோ போனதாகத் தெரியும். அதில் பெரும்பகுதி தீபாவளி உப்புத் தண்ணீர். தீபாவளிக்கு முந்தைய வாரத்தின் சராசரியை அடிப்படையாக வைத்து, திருக்கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து எடுத்த சராசரியோடு ஒப்பிட்டால்தான் நிஜம் தெரியும்.

ரமலானில் தண்ணீரும் கிடையாது. நம் ஊரில் பதின்மூன்று பதினான்கு மணி நேரம். நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன் ஏறினால் எடை மிகக் குறைவாகவும் கொழுப்பு மிக அதிகமாகவும் தெரியும், இரண்டையும் நம்ப வேண்டாம். நோன்புக் கஞ்சியும் வடையும் சமோசாவும் முடித்தவுடன் ஏறினால் இன்னும் வேடிக்கை. வயிற்றில் இருக்கும் முக்கால் லிட்டர் கஞ்சியையும் தண்ணீரையும் சூத்திரம் உடம்பில் சேர்த்துக் கணக்கு போடும். சரியான நேரம் விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்கு எழுந்ததும், சாப்பிடுவதற்கு முன். வாரம் ஒரு நாள் போதும், வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. தவக்காலத்தில் ஒருசந்தியும் (ஒருவேளைச் சாப்பாடு) சுத்தபோசனமும் (புலால் விடுதல்) காக்கிறவர்களுக்கு இவ்வளவு குழப்பமில்லை. தண்ணீர் தடையில்லாததால் எண்கள் குதிக்காது, வெள்ளிக்கிழமை காலையே பார்க்கலாம். பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்தில் சாப்பாடு என்று இருப்பவர்களுக்கும் அதே காலை நேரம்தான். ஆனால் முந்தின இரவு ஆறு மணிக்கு முடித்த நாளையும் ஒன்பது மணிக்கு முடித்த நாளையும் ஒப்பிட்டுக் கவலைப்படக் கூடாது.

உப்பில்லாமல் இருக்கிற விரதங்களில் தண்ணீர் எடை இன்னும் வேகமாக இறங்கும். பங்குனி வெயிலில் இதைச் செய்பவர்களுக்குத் தலைச்சுற்றல் வருவதும் அதனால்தான். சமயபுரத்தில் அம்மனே பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப் பட்டினி, அதாவது சமைத்த நைவேத்தியம் இல்லாத விரதம், இருக்கிறாள். அப்போது படைக்கும் நைவேத்தியத்தைப் பாருங்கள்: துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர். கோடைக்கு இதைவிடப் பொருத்தமான பட்டியலை எந்த டயட் நிபுணரும் எழுதித் தர முடியாது.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு விரத நாளில் இந்த மெஷின் ஒரு பயனும் தராது, அவர்களுக்கு வேண்டியது குளுக்கோமீட்டர். மாத்திரை நேரத்தையும் அளவையும் விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். ரமலான் நோன்புக்கான மருத்துவ வழிகாட்டுதல்களில் இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழோ 300க்கு மேலோ போனால் நோன்பை உடனே முறிக்கச் சொல்கிறார்கள். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதையும் அவற்றிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

செயலிக்கு வருவோம். நிறுவியதும் இருப்பிட அனுமதி கேட்கும். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் புளூடூத்தில் கருவி தேட அது இல்லாமல் முடியாது, புதியவற்றில் மறுத்துவிட்டும் பார்க்கலாம். பிறந்த தேதி கேட்டால் வருடம் மட்டும் சரியாக இருந்தால் போதும், சூத்திரத்துக்கு அதுதான் வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் பெரிய தொல்லை, ஆள் மாறாட்டம். ஏறுபவர் யார் என்று மெஷின் எடையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. மாமியார் 68, மருமகள் 66.5 என்றால் துவாதசி காலையில் மாமியாரின் 67 மருமகள் கணக்கில் விழும். அங்கே வயதும் உயரமும் வேறு என்பதால் கொழுப்பு எண்ணும் அபத்தமாக மாறும், மருமகளின் வரைபடத்தில் திடீரென்று ஒரு பல் முளைத்திருக்கும். எடை மூன்று கிலோவுக்குள் நெருக்கமாக இருப்பவர்கள், ஏறும் முன் செயலியைத் திறந்து தன் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஏற வேண்டும். விழுந்த தப்பான எண்ணை அன்றே அழித்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரமும் அந்த எண்ணைப் பார்த்தே ஆளை அடையாளம் காணும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெரியவர்களின் சூத்திரம் பொருந்தாது. பள்ளிக்கூடப் பெண்கள் தினமும் ஏறிப் பார்க்கும்படி இதைக் கூடத்தில் போட்டுவைப்பது நல்லதல்ல.

'உடல் வயது 47' என்ற எண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரயில்வே பிளாட்பாரத்தில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு சுழல நின்ற எடை மெஷின்களை நினைவிருக்கிறதா? காசு போட்டால் அட்டைச்சீட்டு விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் 'உமக்கு நல்ல காலம் வருகிறது' என்ற மாதிரி ஒரு பலன். எடை நிஜம், பலன் சும்மா என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் முதலில் படித்தது பலனைத்தான். உடல் வயதும் எலும்பு எடையும் அந்த அட்டையின் பின்பக்கம். எலும்பை இந்த மெஷின் அளக்கவே இல்லை, கொழுப்பு போக மிச்ச எடையிலிருந்து ஒரு பங்கைப் பிரித்துக் காட்டுகிறது.

பலனின் தொனி மட்டும் மாறியிருக்கிறது. அன்றைய அட்டை ஆறுதல் சொன்னது, இன்றைய செயலி சிவப்பில் எச்சரிக்கிறது. 'என்னடி இப்படி இளைச்சுப் போயிட்டே' என்பது ஒரு தலைமுறைக்கு முன்புவரை விசாரிப்பு, கவலை. இன்று அதே வாக்கியத்தைக் கேட்கத்தான் பலர் பணம் கட்டுகிறார்கள். குருவாயூரில் துலாபாரத் தட்டில் உட்கார்ந்தவருக்கு எதிர்த்தட்டில் கதலிப் பழமோ வெல்லமோ அவர் எடைக்கு எடை வைப்பார்கள். எடை கூடினால் காணிக்கை கூடும், கையிருப்பு கரையும், ஆனால் அந்தத் தட்டில் ஏறும் முன் யாரும் மூச்சை உள்ளே இழுத்துப் பிடிப்பதில்லை.

அதற்காக எண்ணே வேண்டாம் என்பதல்ல. நம்மவர்களுக்கு இதில் ஒரு நிஜக் காரணம் இருக்கிறது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனேயின் மருத்துவர் யாஜ்னிக், லண்டனின் மருத்துவர் யுட்கின் இருவரும் சேர்ந்து தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்தோடு எடையை ஒப்பிடும் பிஎம்ஐ எண் இருவருக்கும் 22.3. எக்ஸ்ரே முறையில் அளந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கும் என்பதைக் காட்ட அந்த ஒரு படம் போதுமானதாக இருந்தது. இந்தியர்களுக்கென 2009இல் வந்த பரிந்துரைகள் பிஎம்ஐ 23இலேயே அதிக எடை, 25இல் உடற்பருமன் என்றன. பல செயலிகளோ 25, 30 என்ற பொது எல்லைகளையே வைத்திருக்கின்றன. உங்கள் செயலி 24.5க்குப் பச்சை விளக்கு காட்டினால் அது வேறு நாட்டுப் பச்சை. கொழுப்புச் சூத்திரமும் எந்த மக்களை வைத்து உருவாக்கப்பட்டது என்பதைப் பெட்டியில் எழுதுவதில்லை. தனி ஒருவருக்கு நாலைந்து புள்ளி தள்ளி வருவது சாதாரணம்.

அந்த ஒளிந்த கொழுப்பைப் பார்க்க முப்பது ரூபாய்த் தையல் டேப் இந்த மெஷினைவிட உதவும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். தொப்புளிலோ பாவாடை நாடா கட்டும் இடத்திலோ அளந்தால் எண் மாறும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 எல்லை. துணி டேப் பழசானால் நீளும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரும்பு ஸ்கேலோடு வைத்துச் சரிபாருங்கள். தண்ணீர் ஏறி இறங்குவதால் இடுப்பு அவ்வளவாக ஏமாற்றாது, ஆனால் விரத நாளின் ஒட்டிய வயிற்றில் அளக்காமல் இருப்பதே நேர்மை.

ஆக, எதை வாங்குவது? விரதத்தை விரதமாக இருப்பவர்கள், எடையையும் ஓரளவு பார்த்துக்கொள்ள நினைப்பவர்கள், ஆயிரம் ரூபாய்க்குக் கீழே கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மெஷினும் ஒரு டேப்பும் வாங்கினால் போதும். கூடுதல் விலை கொடுக்க ஒரே நியாயம், எடை தானாகப் பதிவாகி ஏழு நாள் சராசரி கிடைப்பது. அந்த வசதிக்காக வாங்கினால் செயலி அமைப்பில் கொழுப்பு, எலும்பு, உடல் வயது எல்லாவற்றையும் முகப்பிலிருந்து நீக்கிவிட்டுச் சராசரிக் கோட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு சதவீதத்தையும் பார்த்தே தீருவேன் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், முன்னும் பின்னும் மூன்று நாள் விரதமில்லாத வாரத்தில், மூன்று காலை எடுத்துச் சராசரி போடுங்கள். எண் எவ்வளவு என்பதை விட்டுவிட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை மட்டும் பார்க்கலாம்.

பேட்டரி விஷயம் ஒன்று. மூன்று அல்லது நான்கு சின்ன சைஸ் பேட்டரி வேண்டும், பெட்டியோடு வருவது பல சமயம் மட்டமாக இருக்கும். 'லோ' என்று எழுத்து வருவதற்கு முன்பே எண்கள் தடுமாறத் தொடங்கலாம். ஒரே காலையில் அடுத்தடுத்து ஏறும்போது அரை கிலோ வித்தியாசம் வந்தால் தரையைச் சந்தேகிக்கும் முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு பெரும்பாலும் ஏழோ பத்தோ நாள்தான். அரிசிப் பைச் சோதனையையும் பாட்டில் சோதனையையும் பெட்டி வந்த அன்றே முடித்துவிடுங்கள், பெட்டியையும் தெர்மாகோலையும் அதுவரை பரணில் போட்டுவிடாதீர்கள்.